பார்க்கப் போன மாணவர்களும் பேசாத கூத்தரும்

கல்லூரிப் பையன்கள் நாடகமோ கூத்தோ பார்க்கப் போவதும், பார்த்துவிட்டு வந்து விவாதிப்பதும் பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ள ஒரு ‘நல்ல பழக்கம்’ என்பதாகவே நம்மிடையே பேசப்படுகிறது. ரசனை வளரும், பார்வை விரியும் என்பார்கள். நான் இதை மறுக்கவில்லை. ஆனால் எதைப் பார்க்கிறார்கள், பார்த்ததைப் பற்றி யார் பேசுகிறார்கள் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் ரசனையைவிட அதிகாரத்துக்கே பங்கு அதிகம் என்பது என் வாசிப்பு.

1891இல் பம்மல் சம்பந்த முதலியாருக்குப் பதினெட்டு வயது. சென்னை மாநிலக் கல்லூரி மாணவர். அந்த வருஷம் பெல்லாரியிலிருந்து வந்த சரச வினோதினி சபையார் சென்னையில் தெலுங்கு நாடகங்கள் போட்டார்கள். அதை நடத்தியவர் கிருஷ்ணமாச்சார்லு, வக்கீல். அதற்குமுன் தமிழ் நாடகம் என்றாலே தனக்கு வெறுப்பு என்று ‘நாடக மேடை நினைவுகள்’ நூலில் சம்பந்த முதலியாரே எழுதியிருக்கிறார். அந்த வெறுப்பை மாற்றியது நாடகத்தின் சிறப்பு மட்டுமல்ல. படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் வேஷம் கட்டலாம் என்ற காட்சியும்தான். அதே ஆண்டில் நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார்.

ஒரு மாணவன் நாடகம் பார்த்தான், நண்பர்களோடு பேசினான், ஒரு நிறுவனம் உருவானது. கலை நிகழ்ச்சியின் வழியாகக் கற்றல் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. சபை சாதித்தது கொஞ்சமல்ல. ஹாம்லெட் ‘அமலாதித்யன்’ ஆனான். மெக்பெத் ‘மகபதி’ ஆனான். வக்கீல்களும் அரசியல்காரர்களும் மேடையேறினார்கள், சத்தியமூர்த்தியே நடித்திருக்கிறார். பெண் வேடத்தை ஆண்களே கட்டினார்கள் என்பதும் சேர்த்துக் கவனிக்க வேண்டியது. கல்லூரி திறந்துவிட்ட இந்த வாசல் எல்லோருக்குமானதாக இல்லை.

இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. அச்சிட்ட பிரதி, ஒத்திகை, டிக்கெட், மண்டபம், வீடு திரும்பத் தோதான நேரம் இவையெல்லாம் சேர்ந்து ‘நாடகம்’ என்ற சொல்லுக்கு ஒரு மரியாதையைக் கட்டமைத்தன. விடிய விடிய, மண் தரையில், டிக்கெட் இல்லாமல், ஊரே உட்கார்ந்து பார்த்த கூத்து அந்த மரியாதைக்கு வெளியே தள்ளப்பட்டது. ‘கூத்தாடி’ என்பது ஏற்கெனவே வசைதான். படித்தவனின் ரசனை அந்த வசைக்கு ஒரு நியாயத்தையும் தந்தது. மாணவர்கள் எதை ரசிக்க வேண்டும் என்று மட்டும் கற்றுக்கொள்ளவில்லை, எதற்கு வெட்கப்பட வேண்டும் என்பதையும் சேர்த்தே கற்றார்கள்.

ஏறத்தாழ எண்பத்தைந்து வருஷம் கழித்து இந்தப் பார்வை திரும்பியது. 1977இல் காந்திகிராமத்தில் தேசிய நாடகப் பள்ளியின் பயிற்சி முகாம் நடந்தது. அதே ஆண்டில் ந. முத்துசாமி சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். வசையாக இருந்த சொல் ஒரு குழுவின் பெயரானது சின்ன விஷயமல்ல. புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் நகரத்து நடிகர்கள் கூத்து கற்றார்கள். 1980இல் பாதல் சர்க்கார் சோழமண்டலத்தில் நடத்திய பட்டறை, மேடையே இல்லாமல் நாடகம் போட முடியும் என்று காட்டியது. இந்த அலையில்தான் கல்லூரிகளுக்குள் கூத்து வந்தது.

எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் கூத்து ஏற்பாடாயிற்று. மணி அடித்தாற்போல இரண்டு மணி நேரம். முடிந்ததும் கலந்துரையாடல். பேராசிரியர்கள் ‘தொன்மம்’, ‘சடங்கு’, ‘எதிர்க்கலாச்சாரம்’ என்று பேசினார்கள். கூத்தர்களுக்குத் துண்டு போர்த்தினார்கள், மைக் தரவில்லை. வாத்தியார் முகத்து அரிதாரத்தைத் துடைத்தபடி ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஒரு மாணவி மட்டும் எழுந்துபோய், “ஐயா, காலை ஏன் இப்படி வைக்கிறீங்க, இதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டாள். “அர்த்தமா? விடியுற வரைக்கும் ஆடணும்ல பாப்பா. வேற மாதிரி வெச்சா இடுப்பு போயிடும்” என்றார். அன்றைய உரைகள் எதிலும் இந்த அறிவு இல்லை.

மறுநாள் வகுப்பில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, வழக்கமாக வாயே திறக்காத ஒரு பையன் சொன்னான்: “எங்க பெரியப்பா கட்டியக்காரன் வேஷம் கட்டுவாரு சார். ஹாஸ்டல்ல யார்கிட்டயும் சொன்னதில்ல.” வகுப்பு அமைதியாகிவிட்டது. பிறகு அரை மணி நேரம் அவன்தான் பேசினான்: எந்த ஊரில் எவ்வளவு கூலி, யார் வீட்டுத் திண்ணையில் சாப்பாடு, யார் வீட்டில் திண்ணையும் கிடையாது என்று. கூத்தைப் பற்றி நான் எடுத்த பாடங்களில் உருப்படியானது அதுதான், எடுத்தவன் நானல்ல.

1891இன் மாணவன் கூத்திலிருந்து விலகித் தன்னை உருவாக்கிக்கொண்டான். 1977க்குப் பின் வந்தவன் கூத்தைத் தேடிப்போனான். இரண்டிலும் பார்ப்பவனுக்குப் பேச்சு, ஆடுபவனுக்கு உடம்பு என்ற பிரிவினை அப்படியே நீடித்தது. வெறுப்பு ஆராதனையாக மாறினாலும், ஆடுபவன் ‘பொருளாக’ இருப்பது மாறவில்லை.

ஆகவே மாணவர்களை நிகழ்ச்சிகளுக்கு அனுப்பினால் போதும் என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கலந்துரையாடலில் முதல் பேச்சு கூத்தருக்கு இருக்கட்டும், கூலி உட்பட. ‘ஹாஸ்டலில் சொல்லாத’ பையன்கள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்கள் வாய் திறக்காத விவாதத்தில் பழைய சபையின் நாற்காலிகளைத்தான் நாம் திரும்பவும் வரிசையாகப் போட்டுக்கொண்டிருப்போம்.