கூரையிலிருந்து கூரைக்குள்

மங்களூர் ஓட்டை ‘இயற்கைப் பொருள்’ என்று வீடு கட்ட வருகிறவர்கள் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். அது வந்த காலத்தில் அசல் ஆலைச் சரக்கு. சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட், நேத்ராவதிக் கரையின் களிமண் தோதாக இருப்பதைக் கண்டு, 1860களில் மங்களூர் ஜெப்புவில் ஓட்டு ஆலை தொடங்கினார். மதம் மாறியதால் சொந்தபந்தமும் குலத்தொழிலும் கைவிட்டுப்போன மக்களுக்குப் பிழைப்பு வேண்டுமே என்றுதான் மிஷன் நெசவையும் ஓட்டையும் கையில் எடுத்தது. ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும் அந்த ஓடு சதுர மீட்டருக்குப் பதினைந்து போதும். குயவர் கையால் செய்த நாட்டு ஓடு அதன் முன் நிற்கவில்லை. சூளைக்கு எரிந்த விறகுக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

முதல் உலகப்போருக்குப் பின் ஆலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போயின. நாகர்கோவில் பக்கம் நாங்கள் பிரிக்கும் வீடுகளில் ஓட்டைப் புரட்டினால் இன்னும் ஆலை முத்திரை தெளிவாகத் தெரியும். கொத்தனார் முத்திரையைப் பார்ப்பதில்லை. விரல் முட்டியால் தட்டுவார். கணீரென்றால் இந்தப் பக்கம், சத்தம் செத்திருந்தால் அந்தப் பக்கம்.

கான்கிரீட் மோகம் வந்தபோது இறக்கிய ஓடுகள் கிணற்றடியில் பாசி பிடித்துக் கிடந்தன. அவற்றுக்கு வேலை கொடுத்தவர் கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர். 1917இல் பர்மிங்ஹாமில் பிறந்தவர். இங்கிலாந்துக்குத் திரும்பக் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். வீட்டுக்கான பொருள் ஐந்து மைல் சுற்றுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி சொன்னதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இமயமலைப் பக்கம் பித்தோராகரில் மலைவாசிகளின் கல்லையும் மண்ணையும் கற்றுக்கொண்டு, பிறகு கேரளத்துக்கு வந்தார். பொருளியலாளர் கே. என். ராஜ் திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற இடத்தில் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையத்தை 1970களில் கட்டியது அவர்தான்.

ஓட்டை எங்கே வைத்தார்? கூரைக்குள். தளத்தின் மேற்பாதி அமுக்கத்தைத் தாங்குகிறது, கீழ்ப்பாதியில் இழுவை. இழுவையைத் தாங்குவது கம்பி. அங்கிருக்கும் கான்கிரீட் பெரும்பாலும் கம்பிக்குப் போர்வைதான். அந்த இடத்தில் கொஞ்சம் ஓட்டை வைத்தால் சிமெண்டு மிச்சம், பாரமும் குறைவு. இரண்டு ஓட்டைக் கவிழ்த்துச் சேர்த்தால் நடுவில் காற்று அடைபட்டு வெயிலும் சட்டென்று இறங்காது.

இதை ஒரு பெரியவருக்கு விளக்கி முடித்தேன். “எல்லாம் சரி தம்பி, கான்கிரீட்டைக் குறைச்சு லாபம் பாக்கியளா?” என்றார். லாபம் அவருக்குத்தான் என்று நம்பவைக்கச் சிமெண்டுக் கணக்கை எழுதியே காட்ட வேண்டியிருந்தது.

வேலை என்னவோ பொறுமை கேட்கும். ஓட்டை முன்னதாகவே தண்ணீரில் ஊறப்போட வேண்டும்; காய்ந்த ஓடு கான்கிரீட்டின் ஈரத்தைக் குடித்துவிடும். சென்ட்ரிங் பலகைமேல் வரிசை பிடித்து, இடைவெளியில் கம்பி ஓட்டி, மிதிபடாமல் கலவை கொட்ட வேண்டும். பலகையைப் பிரித்தால் சிவப்புச் சதுரங்கள் கீழே தெரியும். பூச்சுச் செலவைக் குறைக்கத்தான் பேக்கர் அதை அப்படியே விட்டார். இன்று பண்ணை வீட்டுக்காரர்கள் அழகுக்காக விடுகிறார்கள், மேலே வார்னிஷும் அடித்து. ஏழைக்கென்று நினைத்த வித்தை பணக்காரர் வரவேற்பறைக்குப் போய்விட்டது. பழைய ஓட்டுக்கும் விலை ஏறிவிட்டது.

ஓடு கிடைக்காத இடத்தில் நாங்கள் சிரட்டையைக் கவிழ்த்துப் பார்க்கிறோம். இந்தப் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. கலவை விழும்போது நகராமல் பிடித்து நிறுத்தத்தான் ஆள் கூலி போகிறது.