எல்வா முகத்துவாரமும் மரக்காணம் கரையும்

தமிழகக் கடற்கரையில் உள்ள மரக்காணத்தில் உப்புக் காலம் தொடங்கும் முன்பு பாத்திகளில் மிதிப்பு நடக்கும். நான்கைந்து பேர் நெருக்கமாக நின்று, ஈரக் களிமண்ணைக் குதிகாலால் அழுத்தி அழுத்தி அங்குலம் அங்குலமாக நகர்வார்கள். மிதித்து முடித்த தரையில் கட்டைவிரலை ஊன்றிப் பார்த்தால் லேசாகப் பதியும், உள்ளே இறங்காது. அந்த இறுக்கம் இருந்தால்தான் உவர்நீர் கீழே கசியாமல் வெயிலில் வற்றி உப்பாகும். அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் கடற்கரை. அங்கே இந்தக் களிமண் ஒரு சிட்டிகைகூடக் கிடைக்காது. பரல் பரலாக மணல்தான். அலை களிமண்ணைக் கரைத்துக் கொண்டுபோகிறது, மணலை விட்டுவைக்கிறது. களிமண் கழிமுகத்துக்குப் பின்னால் அலையில்லாத இடம் பார்த்து ஒதுங்கி உப்பளமாகிறது. ஒரே வெள்ளத்தில் வந்த இரண்டும் இங்கே இரண்டு பிழைப்பாகப் பிரிந்துகிடக்கின்றன.

பூமியின் மறுபக்கத்தில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் எல்வா ஆறு கடலில் சேரும் இடத்திலும் மணலையும் களிமண்ணையும் பிரிக்கும் வேலையை அலைதான் செய்கிறது. ஆனால் 2011க்கு முன் அங்கே பிரிப்பதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. கரை முழுக்க உருளைக்கல். நடந்தால் கணுக்கால் பிசகும். ஆற்றின் குறுக்கே நின்ற இரண்டு அணைகள் நூறாண்டுக்கு மணலை மலையிலேயே பிடித்துவைத்திருந்தன. பனிமலை அடிவாரத்துக் குளிர்ந்த கரை அது. வெயிலில் உப்பு விளையும் கரை இது. இவை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க என்ன நியாயம் என்று கேட்கலாம். சுவர்களின் எண்ணிக்கைதான் முதல் நியாயம்.

எல்வாவில் இரண்டு சுவர்: 1913இல் முடிந்த எல்வா அணை, 1927இல் வந்த கிளைன்ஸ் கேன்யன் அணை. மரக்காணத்தை நோக்கி வரும் மணலுக்கும் இரண்டு சுவர். தாழங்குடாவில் கடல் சேரும் தென்பெண்ணையின் மணலை 1958இல் கட்டிய சாத்தனூர் அணை மறித்தது. அதைத் தப்பி வந்து, கரையோரமாக வடக்கே நகரும் மணலை 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்தின் கல்சுவர்கள் மறித்தன. முதல் சுவர் ஆற்றின் குறுக்கே நிற்கிறது, இரண்டாவது கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டாவதை யாரும் அணை என்று சொல்வதில்லை. ஆனால் இந்தக் கரையில் மணலும் ஓர் ஆறுதான். தென்மேற்குப் பருவத்து அலைகள் அதை வடக்கே தள்ளும், வடகிழக்குப் பருவத்தில் ஒரு பகுதி தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் வடக்குப் பக்கம் மிஞ்சும். அந்த ஆற்றுக்குக் குறுக்கே கட்டியதை வேறு என்ன பெயர் சொல்லி அழைப்பது?

எல்வாவில் சுவரை எடுத்தார்கள். 2011 செப்டம்பரில் தொடங்கி, மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி, 2014 ஆகஸ்டில் கடைசிக் கான்கிரீட்டை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அணைகளுக்குப் பின்னே சுமார் 2 கோடி கன மீட்டர் வண்டல் தேங்கியிருந்தது. முதல் ஐந்தாண்டுகளில் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கிளம்பியது. கிளம்பியதில் பத்துக்கு ஒன்பது பங்கு கடலுக்கே போய்ச் சேர்ந்தது. முகத்துவாரம் பல ஏக்கர் கடலுக்குள் நீண்டது. உருளைக்கல் மேல் மணல் படிந்தது. கல்லும் பாசியுமாகக் கிடந்த ஆழமற்ற கடலடியில் மணலில் புதைந்து வாழும் சின்ன மீன்களும் நண்டுகளும் குடியேறின.

புதுச்சேரியில் சுவர் அப்படியே நின்றது. தெற்குப் பக்கம் மணல் குவிந்தது. வடக்கே நகரத்தின் கடற்கரை காணாமல் போய்க் கருங்கல் குவியல் வந்தது. கல் போட்ட இடத்தோடு அரிப்பு நிற்கவில்லை. அடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது. அங்கேயும் கல் விழுந்தது. தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று காயம் ஊர் ஊராக வடக்கே ஏறிய திசையில்தான் மரக்காணமும் இருக்கிறது. தெற்கில் குவியும் மணலை எடுத்து வடக்கே கொட்டும் ஏற்பாடு துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. அது ஒழுங்காக நடந்திருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்பட்டிருக்காது. பின்னாளில், 2018 வாக்கில், தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்கடியில் ஓர் எஃகுத் திட்டை இறக்கியது; மணலும் கொட்டப்பட்டது. நகரத்தின் முன்னே கரை திரும்ப வந்தது. மணல் கிடைத்தால் கரை எவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொள்கிறது என்பதில் புதுச்சேரியும் எல்வாவும் ஒரே சாட்சியைத்தான் சொல்கின்றன.

எல்வாக் கதையை முழு வெற்றியாகச் சொல்பவர்கள் அதன் கிழக்கே நீளும் எடிஸ் ஹுக் என்ற மணல்நாக்கைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஆற்று மணலும் கரைமேட்டு மண்ணும் தின்று வளர்ந்த நாக்கு அது. ஆற்றை அணை மறித்தது. மேட்டைக் கல்லடுக்கு மறித்தது. தேய்ந்த நாக்கைக் காப்பாற்ற அங்கேயும் பாறைகளைத்தான் கொட்டினார்கள். அணைகள் போன பிறகும் அந்தப் பாறைகள் இருக்கின்றன. நம் குப்பங்களில் நடந்ததும் அதுவே. தேய்கிற கரையைப் பார்த்தால் கல் கொட்ட வேண்டும் என்று எல்லா நாட்டு அதிகாரிகளுக்கும் தோன்றுகிறது போலும்.

தென்பெண்ணையிலும் தடுப்புகள் போயிருக்கின்றனவே என்று ஒருவர் குறுக்கிடலாம். விழுப்புரம் பக்கம் தளவானூரில் 2020இல் கட்டி முடித்த தடுப்பணை 2021 ஜனவரியில் உடைந்தது. அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டும் சேதமானது. இதற்கும் எல்வாவில் ஒரு ஜோடி உண்டு. அங்கே முதல் அணையே கட்டும்போது, 1912இல், அடித்தளம் பிய்த்துக்கொண்டு நீர் வெளியேறியது, மறுபடி கட்டினார்கள். ஆனால் உடைவது வேறு, எடுப்பது வேறு. சில மாதக் குழந்தையான தளவானூர் தடுப்பணைக்குப் பின்னால் கடலுக்குக் கொடுக்கும்படியான மணல் சேமிப்பு ஏது? எல்வாவின் கணக்கில் நூறாண்டுச் சேமிப்பு இருந்தது.

இனி வருவதுதான் எனக்கு எதிர்பாராத இடம். எல்வாவில் முகத்துவாரம் கடலுக்குள் நகர்ந்தபோது, பழைய உவர்க் குட்டைகள் கடலை விட்டுத் தள்ளிப்போய்விட்டன. அவற்றில் ஏற்ற இறக்கம் இன்னும் தெரிந்தாலும் நீர் நன்னீரானது. அங்கே அதை யாரும் இழப்பாக அழவில்லை. சின்ன சால்மன்களுக்கு அது நாற்றங்கால். இதையே மரக்காணத்தில் நினைத்துப் பாருங்கள். கழுவெளிச் சதுப்புநிலமும் இடையன்திட்டுக் கழிமுகமும் கடலோடு கைகோத்திருப்பதால்தான் உப்பு விளைகிறது, இறாலும் மடவையும் உள்ளே வருகின்றன. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்த கழுவெளிக்குப் பூநாரைகள் தேடி வருவதும் அந்தக் கரிப்புக்காகத்தான். முகத்துவாரத்தில் மணல் அதிகமாகிக் கடல்நீர் வருவது குறைந்தால் அத்தனையும் தடுமாறும். தமிழகக் கடற்கரையில் கோடையில் அலை மணலை அள்ளிப்போட்டு முகத்துவாரத்தை அடைக்கும். மழைக்கால வெள்ளம் அதை உடைத்துத் திறக்கும். உடையாத ஆண்டில் ஆள் வைத்து வெட்டிவிடுவார்கள். மணல்திட்டு என்ற அணையை ஆண்டுதோறும் அகற்றும் ஊர்க்காரர்களுக்கு அணை அகற்றுவது புதிய செய்தியாக இருக்க முடியாது. ஆக, எல்வாக்காரர் கையேந்தி வாங்கிய மணலை இங்குள்ள வலைக்காரர் ஓரிடத்தில் கேட்பார், இன்னோரிடத்தில் வெட்டி எறிவார். குப்பத்து முன்றிலில் அது வேண்டும். கழிமுக வாயில் வேண்டாம்.

களிமண்ணின் கதை இதற்கு நேர் தலைகீழ். எல்வாவில் முதல் ஆண்டுகளில் கடலை மறைத்த கலங்கல் வெளிச்சத்தைத் தின்றது. முகத்துவாரத்தை ஒட்டிய கெல்ப் என்னும் பெருங்கடற்பாசிக் காடு சரிந்தது. நீர் தெளிந்ததும் காடு திரும்பியது. அங்கே நுண்வண்டல் சில காலம் பொறுத்துக்கொள்ள வேண்டிய தொந்தரவு. மரக்காணத்தில் அது மூவாயிரம் ஏக்கர் உப்பளத்தின் தரை. மணல் அங்கே வரவு, இங்கே பாதி வரவு பாதி வினை. களி அங்கே வினை, இங்கே முதல். எல்வாவில் மணலில் புதைந்து வாழும் மீன்களைப் போல இங்கேயும் மணலுக்காகக் காத்திருக்கும் ஓர் உயிர் உண்டு: பங்குனி ஆமை. முட்டையிட அலைக்கு எட்டாத அகன்ற மணல்மேடு அதற்கு வேண்டும். கருங்கல் கொட்டிய கரையில் ஏறி வரும் ஆமை திரும்பித்தான் போகும்.

காலக் கணக்கிலும் ஒன்று சொல்ல வேண்டும். எல்வா முகத்துவாரத்தில் வாழும் கிளாலம் பழங்குடியினர் அணைகளைத் தலைமுறை தலைமுறையாக எதிர்த்தவர்கள். அணையை எடுப்பதற்கு வழிசெய்யும் சட்டம் வந்தது 1992இல். வேலை தொடங்கியது அதற்கும் 19 ஆண்டுகள் கழித்து. சாத்தனூரை எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது பல ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம், பல ஊருக்குக் குடிநீர். எல்வாவின் அணைகள் கொடுத்தது கொஞ்சம் மின்சாரம் மட்டும். அந்த ஒப்பீடு அவ்வளவோடு முடிகிறது. துறைமுகச் சுவர் விஷயத்தில் முடியவில்லை: சுவரைத் தொடாமலே மணலைச் சுற்றிக் கடத்தலாம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. விழுப்புரம் பக்கம் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. சாத்தனூரில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். மதகு வழியே வெள்ளம் போனது, செந்நிறக் கலங்கல் போனது. பரல் மணல் பெரும்பாலும் நீர்த்தேக்கத்தின் அடியிலேயே தங்கியது. மரக்காணம் உப்பளங்கள் நன்னீரில் மூழ்கின. நீர் வடிந்த பாத்திகளில் வரப்பு எது, தரை எது என்று தெரியாமல் புது வண்டல் படிந்திருந்தது. அதை வாரி வரப்புக்குப் போட்டுவிட்டு, மறுபடி மிதிக்கத் தொடங்க வேண்டியிருந்தது.