சொந்த ஓடிடி தொடங்கிய டபிள்யூடபிள்யூஇ: முதல் ஆண்டே கையைக் கடித்தது ஏன்?

பள்ளி நாட்களில் ட்ரம்ப் கார்டு விளையாடியவர்களுக்கு அண்டர்டேக்கரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ரெஸில்மேனியாவில் அவர் முதன்முறையாகத் தோற்றது 2014 ஏப்ரல் 6-ம் தேதி. அந்த நேரத்தில் அவரது நிறுவனமான டபிள்யூடபிள்யூஇ அதைவிடப் பெரிய பந்தயம் ஒன்றில் இறங்கியிருந்தது. அதே ஆண்டு பிப்ரவரி 24 அன்று, மாதம் 9.99 டாலர் சந்தாவில் 'டபிள்யூடபிள்யூஇ நெட்வொர்க்' என்ற சொந்த ஓடிடியை அமெரிக்காவில் தொடங்கியது.

அதுவரை பெரிய நிகழ்ச்சிகள் 'பே-பர்-வியூ' முறையில் விற்கப்பட்டன. அதாவது, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனிக் கட்டணம். ரெஸில்மேனியாவுக்கு மட்டும் சுமார் 60 டாலர். அதில் ஏறக்குறைய பாதி கேபிள், டிடிஹெச் நிறுவனங்களுக்குப் போய்விடும். 'நடுவில் இவர்கள் எதற்கு, நாமே விற்றுக்கொள்ளலாமே' என்று யோசித்ததில் தப்பில்லை.

சிக்கல் விலையில் இருந்தது. ரெஸில்மேனியா உட்பட எல்லா பெரிய நிகழ்ச்சிகளும் அந்த 9.99 டாலருக்குள் அடக்கம். ஒரே இரவுக்கு 60 டாலர் கொடுத்து வந்த தீவிர ரசிகர், இனி அதே காசில் ஆறு மாதம் எல்லாவற்றையும் பார்க்கலாம். முதல் ஆளாக ஓடிவந்து சந்தா கட்டுபவரும் அவர்தானே? அவரைப் பொறுத்தவரை கம்பெனிக்கு வந்தது புதுப் பணம் இல்லை, பழைய பணத்தின் ஒரு பகுதிதான். கோபமடைந்த டிடிஹெச் நிறுவனமான டிஷ், எலிமினேஷன் சேம்பர் நிகழ்ச்சியை விற்கவே மறுத்தது. ஆக, பழைய வருமானம் உடனே சரியத் தொடங்கியது. புதியது மெதுவாக வந்தது. தயாரிப்பு, தொழில்நுட்பச் செலவோ ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும்.

கையைக் கடிக்காமல் இருக்க 13 முதல் 14 லட்சம் சந்தாதாரர்கள் தேவை என்று நிறுவனமே சொல்லியிருந்தது. ரெஸில்மேனியாவுக்கு மறுநாள் அறிவித்த எண்ணிக்கை 6,67,287. ஜூன் முடிவில் சுமார் 7 லட்சம். அதாவது ஆண்டின் மிகப்பெரிய நிகழ்ச்சிக்குப் பிறகு மூன்று மாதங்களில் வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றே போனது.

இதற்கிடையில் முதலீட்டாளர்கள் நம்பியிருந்த தொலைக்காட்சி ஒப்பந்தமும் எதிர்பார்த்த தொகைக்கு அமையவில்லை. விளைவு, மே 16 அன்று ஒரே நாளில் பங்கு விலை சுமார் 43% விழுந்தது. ஜூலை இறுதியில் 7% ஊழியர்களைக் குறைப்பதாக அறிவிப்பு. அந்த ஆண்டின் நிகர நஷ்டம் சுமார் 3 கோடி டாலர்.

2015 ஜனவரியில் சந்தாதாரர்கள் 10 லட்சத்தைத் தொட்டார்கள், பிறகு அதையும் தாண்டினார்கள். ஆனால் பெரிய நிகழ்ச்சிக்குச் சேர்ந்து, அது முடிந்ததும் கழன்றுகொள்கிற கூட்டம் தொடர்ந்து தலைவலியாக இருந்தது. 2019-ல் எண்ணிக்கை இறங்குமுகம்.

கடைசியில் 2021 மார்ச்சில், அமெரிக்க நெட்வொர்க்கை என்பிசியுனிவர்சலின் பீகாக் தளத்திடம் கொடுத்துவிட்டது டபிள்யூடபிள்யூஇ. ரசிகர் வந்தாரா, போனாரா என்பது அதன்பின் பீகாக்கின் கவலை ஆனது. 2025 ஜனவரியில் 'ரா' நிகழ்ச்சி நெட்ஃபிளிக்ஸுக்குப் போனது. அந்த 10 ஆண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 500 கோடி டாலருக்கு மேல். இந்தியாவில் சோனியில் பார்த்துப் பழகியவர்களும் 2025 ஏப்ரல் முதல் நெட்ஃபிளிக்ஸ் சந்தா கட்ட வேண்டியதாயிற்று.