சக்தி செயலியின் எண்கணிதச் சுற்றுகள்

கூட்டல், பெருக்கல், வகுத்தல் சுற்றுகளை வன்பொருள் விவரிப்பு மொழியில் ஒருமுறை எழுதி, பல சில்லுகளில் எடுத்தாளும் முறைக்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் சிறந்த சான்று, சென்னை ஐஐடியில் வீ. காமகோடி தலைமையில் 2014இல் தொடங்கிய சக்தி திட்டம். ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பைச் சார்ந்த இதன் மூல நிரல் எவரும் எடுத்தாளும் வகையில் திறந்த உரிமத்தில் வெளியானது.

இதன் மொழி புளூஸ்பெக் சிஸ்டம்வெரிலாக். பரவலாகப் பயன்படும் வன்பொருள் விவரிப்பு மொழியான வெரிலாகிலும் பிட் அகலத்தை அளவுருவாகத் தரலாம். ஆனால் 32 பிட் கம்பியில் 64 பிட் விடையை இணைத்தால் மேல் பாதி சத்தமின்றி வெட்டுப்படும். புளூஸ்பெக்கில் அகலம் தரவு வகையின் பகுதி. இரு எண்களின் அகலங்களைக் கூட்டினால் வருவதே பெருக்கற்பலனின் அகலம் என்பதை மொழிமாற்றியே சரிபார்க்கும்படி எழுதலாம். வடிவமைப்பாளரின் தூக்கத்தைக் கெடுக்கும் பிழைகளில் ஒரு பங்கு இங்கேயே ஒழிகிறது.

மறுபயன்பாட்டின் உயிர்நாடி இடைமுகம். 32 பிட் எண்களைக் கடிகாரச் சுழற்சிக்கு ஒரு பிட்டாக நகர்த்திக் கூட்டும் பெருக்கி சிறியது, ஆனால் 32 சுழற்சிகள் எடுக்கும். இணைநிலைப் பெருக்கி வேகமானது, பரப்பை விழுங்கும். ‘விடை தயார்’ என்ற நிபந்தனை இடைமுகத்திலேயே இருந்தால், சுற்றியுள்ள நிரலைத் தொடாமல் ஒன்றுக்குப் பதில் மற்றதைப் பொருத்தலாம். சிக்கனமா வேகமா என்பதைப் பயன்பாடே தீர்மானிக்கும்.

2018இல் சக்தியின் சில்லுகள் இன்டெலின் 22 நானோமீட்டர் நுட்பத்திலும், சண்டிகர் குறைக்கடத்தி ஆய்வகத்தின் 180 நானோமீட்டர் நுட்பத்திலும் உருவாயின.