திர்க் வில்லெம்ஸ் (இறப்பு: 16 மே 1569)

நெதர்லாந்தின் ஆஸ்பெரன் ஊரைச் சேர்ந்த அனபாப்டிஸ்ட் கிறிஸ்தவர், இரத்தசாட்சி. வளர்ந்தபின் மறுபடி ஞானஸ்நானம் பெற்றதும், தம் வீட்டில் பிறருக்கு ஞானஸ்நானம் கொடுக்க இடமளித்ததும் அன்றைய ஸ்பானிய ஆட்சியில் உயிரைப் பறிக்கும் குற்றங்கள்.

காவலிலிருந்து தப்பியோடிய அவர், உறைந்த நீர்ப்பரப்பை எப்படியோ கடந்துவிட்டார். துரத்தி வந்தவனோ பனி உடைந்து உள்ளே விழுந்தான். அவர் நின்றார், திரும்பி ஓடினார், அவனைக் கைகொடுத்துத் தூக்கினார். கரையேறியவன் அவரை விட்டுவிடவே விரும்பினான். நகரத் தலைவர் அவன் செய்த சத்தியப்பிரமாணத்தை நினைவூட்டவே, மனமின்றிப் பிடித்தான். வில்லெம்ஸ் கம்பத்தில் கட்டி எரிக்கப்பட்டார். பலத்த கீழைக்காற்று தீயை மேலே ஏறவிடாததால் வேதனை வெகுநேரம் நீண்டது.

பகைவரை நேசிக்கச் சொல்லும் மத்தேயு 5ஆம் அதிகாரப் போதனையை விளக்கப் பல நூல்கள் உண்டு. யோசிக்க நேரமே இல்லாத கணத்தில் செயலாகிவிட்ட இந்த விளக்கத்துக்கு அவை ஈடாகா.

தீலெமான் வான் பிராக்ட் 1660இல் வெளியிட்ட 'இரத்தசாட்சிகளின் கண்ணாடி' இவ்வரலாற்றைக் கூறுகிறது. 1685ஆம் ஆண்டுப் பதிப்புக்கு யான் லாய்க்கன் செதுக்கிய படத்தில், வில்லெம்ஸின் இரு கைகளும் நீரில் தத்தளிப்பவனை நோக்கி நீண்டிருக்கின்றன.