வெடித்த குழலும் கொல்லன் உலையும்

போர்க்கருவிகளின் சரித்திரத்தை எழுதுவோர் அவற்றை ஏந்திய வீரரைப் புகழ்வர். அவற்றைச் செய்தளித்தோரையும், பழுதுற்ற காலத்துச் செப்பனிட்டோரையும் மறந்துவிடுவர். நம் புளியங்குடியைச் சூழ்ந்த நிலம் வெடியோசை பலமுறை கேட்ட நிலமாகும். வடக்கே வாசுதேவநல்லூரிலும் அதனை அடுத்த நெல்கட்டும்செவலிலும் பூலித்தேவரின் கோட்டைகள் இருந்தன. 1755-ஆம் ஆண்டில் கர்னல் ஹெரான் நெல்கட்டும்செவலின்மீது படையெடுத்தும் அதனைக் கொள்ளமாட்டாது மீண்டான். 1761-இல் யூசுப்கான் அக்கோட்டைகளைக் கைப்பற்றினான். அப்போர்களில் பாளையத்து மறவர் வேலும் வாளும் அன்றித் திரித் துப்பாக்கியும் ஏந்தி நின்றனர்.

அத்தகைய பழந்துப்பாக்கியின் குழல் எங்ஙனம் ஆக்கப்பட்டது என்பதை அறிந்தாலன்றி, அது வெடிப்பதன் காரணம் விளங்காது. இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, ஒரு கம்பியின்மேல் சுருளாகச் சுற்றி, சுற்றுக்குச் சுற்று சம்மட்டியால் அறைந்து பற்றவைப்பர். பின்னர் உட்புறத்தைக் கடைந்து சீராக்குவர். எனவே அக்குழலின் உயிர் அதன் பொருத்துவாயில் இருக்கின்றது. பற்றவைக்கும்போது கசடு சிறிது உள்ளே தங்கினும், பின்னாளில் அவ்விடமே பிளக்கும். இவ்வித்தை எவ்வளவு உயர்ந்ததென்பதைத் தஞ்சைக் கீழவாசலில் உள்ள 17-ஆம் நூற்றாண்டின் பெரும் பீரங்கி காட்டும். அது வார்த்ததன்று, இரும்புச் சட்டங்களை வட்டமாக அடுக்கி, மேலே வளையங்களை ஏற்றிப் பற்றவைத்தது.

ஆயின் பீரங்கியின் கனம் வேறு. வேட்டைத் துப்பாக்கியின் கனம் வேறு. ரவை போட்டுச் சுடும் துப்பாக்கிக் குழலின் சுவர் மருந்து எரியும் அடிப்பகுதியில் தடித்தும், முனைநோக்கிச் செல்லச் செல்ல மெலிந்தும் இருக்கும். முனையருகே ஒரு மில்லிமீட்டர் அளவிற்குக் குறைவதும் உண்டு. வாயில் சேறு அடைத்திருப்பினும், முன்சுட்ட வெடியின் அடைப்புத்துணி உள்ளே தங்கியிருப்பினும், மருந்து மிகினும், துரு அரித்திருப்பினும் குழல் புடைக்கும் அல்லது கிழியும். கரிமருந்துக்கெனச் செய்த பழங்குழலில் புகையில்லா மருந்திட்டுச் சுடுவதும் பெருங்கேடு.

கிழிந்த இடத்தைப் பித்தளைப் பொடிவைத்து ஊதி அடைத்தல் ஆகாதோ எனச் சிலர் வினவலாம். ஆகாது. என்னை? பித்தளைக்கு இரும்பின் உறுதி இல்லை. உலையின் சூட்டால் பக்கத்து இரும்பும் இளகும். இரட்டைக் குழலாயின், அவ்விரண்டையும் சேர்த்து நிற்கும் ஈயப்பற்றும் உருகி விலகும். வெளிப்பார்வைக்குக் குழல் முழுமை பெற்றதாகத் தோன்றும். சுடும்போது சுடுவோனின் இடக்கையையும் கண்ணையும் கொள்ளும். மேனாட்டில் தேர்ந்த கம்மியர் பழுதான குழலை அடியில் சில அங்குலம் விட்டு அறுத்து, புதிய எஃகுக் குழாயைச் செருகிப் பொருத்துவர். அவ்வாறு செய்ததையும் மிகுமருந்திட்டுச் சோதித்து முத்திரை இட்ட பின்னரே விற்கவிடுவர். அதற்கெனப் பர்மிங்காம் நகரில் 1813-ஆம் ஆண்டில் சட்டத்தால் நிறுவப்பட்ட சோதனைச் சாலை உண்டு.

நம் நாட்டிலோ துப்பாக்கி வேலை நெடுநாளாக அரசின் கட்டுக்குள் அடங்கியது. 1799-இல் மேஜர் பானர்மன் பாளையக்காரர்தம் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்புவிக்கவும் கட்டளையிட்டான். 1801 டிசம்பரில் சென்னைக் கவர்னர் கிளைவ் பிரபுவின் பிரகடனம் தென்சீமையில் ஆயுதம் தாங்குவதையே தடுத்தது. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமின்றித் துப்பாக்கி வைப்பதைக் குற்றமாக்கியது. இன்று நடப்பிலிருப்பது 1959-ஆம் ஆண்டின் சட்டம். அதன்படி உரிமம் பெறாதவர் துப்பாக்கியைச் செப்பனிடலாகாது. குழலை அறுத்துக் குறுக்கலும் ஆகாது. துப்பாக்கியின் உறுப்புக்களும் அச்சட்டத்துள் அடங்குமாதலின், குழல் மட்டும் தனித்துக் கிடப்பினும் அதனை எளிதாக எண்ணற்க.

இனி, வெடிக்கு உதவாத குழல் வீண்பொருளோ எனின், அன்று. 1784-ஆம் ஆண்டையொட்டிப் பாரிஸ் நகரில் லவாசியே என்னும் அறிஞர் செந்தழலாய்க் காய்ந்த ஒரு துப்பாக்கிக் குழலினூடே நீராவியைச் செலுத்தினார். நீரின் ஒரு பகுதி இரும்பைப் பற்றியது. மறுபகுதி எரியும் வாயுவாக வெளிப்பட்டது. நீர் தனிப்பூதமன்று, கூட்டுப்பொருளே என்பதற்கு அக்குழல் சாட்சியாயிற்று. வாட்டர்லூப் போர் 1815-இல் முடிந்தபின், இங்கிலாந்தில் மிஞ்சிக்கிடந்த துப்பாக்கிக் குழல்களை ஒன்றோடொன்று திருகிப் பொருத்தி விளக்கு வாயு செல்லும் குழாய்களாக்கினர். குழாய்க்கு அவர்தம் தொழிலாளர் ‘பாரல்’ என வழங்கும் பெயர் அதன் எச்சமாகும். உயிரைக் குடித்த குழல் தெருவிற்கு ஒளி கொணர்ந்தது.

ஆதலின் சங்கத்து அன்பர்காள்! நும் இல்லத்துப் பரணில் பாட்டனார் காலத்துத் துப்பாக்கி கிடப்பின், அதனை உலைக்களத்திற்கு எடுத்துச் செல்லற்க. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்புவித்து எழுத்துமூலம் சீட்டுப் பெறுக. உலைக்களம் உடையோரும், உறவினர் வேண்டினர் என்பதற்காக அக்குழலைத் தொடற்க. அது வெடித்து ஒருவன் கண் போயின், அப்பழி பற்றவைத்த கையையே சேரும். மறுக்க வேண்டிய வேலையை மறுத்தலும் கொல்லனுக்குத் தொழில் தருமமே.