முதுகுத்தண்டு வாதம்: பி27 மரபணு எல்லா இனத்தவருக்கும் ஒன்றல்ல

இருபது, முப்பது வயதில் இடுப்பு வலித்தால் தோட்ட வேலை, தொழிற்சாலை வேலை என்று காரணம் சொல்லித் தைலம் தேய்த்துவிடுவது வழக்கம். சிலருக்குக் காரணம் வேலைப்பளு அல்ல. உடலின் நோய் எதிர்ப்பு சக்தியே முதுகுத்தண்டைத் தாக்கும் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற வாத நோய் அது. கவனிக்காமல் விட்டால் முதுகெலும்புகள் ஒட்டிக்கொண்டு, முதுகு விறைத்து வளைந்துவிடலாம்.

இந்நோய்க்கும் எச்எல்ஏ-பி27 என்ற மரபணுவுக்கும் உள்ள தொடர்பு 1973ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. ஐரோப்பிய வம்சாவளி நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு இந்த மரபணு உண்டு.

இனத்துக்கு இனம் மாறும்

ஐரோப்பியரில் சுமார் 8 விழுக்காட்டினரிடம் பி27 உள்ளது. கனடாவின் மேற்குக் கரையில் வாழும் ஹைடா பழங்குடியினரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உண்டு. ஜப்பானியரில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கரிடம் பி27 மிக அரிது, இந்நோயும் அரிது.

பி27இல் பல வகைகள் உள்ளன. ஐரோப்பியரிடமும் இந்தியரிடமும் பரவலாக இருப்பது பி27:05. சீனரிடம் அதிகம் காணப்படுவது பி27:04. இவ்விரண்டும் நோயோடு தொடர்புடையவை. ஆனால், மலாய்க்காரர் உள்ளிட்ட தென்கிழக்காசிய மக்களிடம் பரவலாக உள்ள பி27:06 வகைக்கு நோயோடு அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. இத்தாலியின் சார்டினியா தீவில் உள்ள பி27:09 வகையும் அப்படியே. இதற்கும் பி27:05க்கும் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம்தான் வித்தியாசம்.

வழக்கமான ரத்தப் பரிசோதனை பி27 உண்டா இல்லையா என்றுதான் சொல்லும், வகையைச் சொல்லாது. எனவே, அக்கம்பக்கத்தில் வாழும் மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவருக்கும் 'பாசிட்டிவ்' என வந்தாலும் அதன் பொருள் ஒன்றாக இராது.

பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

பி27 உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் இந்நோய் வருவதே இல்லை. ஆகவே 'பாசிட்டிவ்' என்ற ஒரு சொல்லை வைத்து ஒருவரை நோயாளி என்று முடிவு கட்டுவதோ, திருமணப் பேச்சைத் தள்ளிப்போடுவதோ தவறு. அதே வேளையில், பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ நோய் இருந்து, தமக்கும் பி27 இருந்தால் ஆபத்து கூடுகிறது. பி27 இல்லாதவருக்கும் நோய் வரலாம். இஆர்ஏபி1, ஐஎல்23ஆர் போன்ற வேறு மரபணுக்களுக்கும் இதில் பங்குண்டு.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

• 45 வயதுக்கு முன் தொடங்கி, மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் இடுப்பு வலி
• காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் விறைப்பு
• ஓய்வெடுத்தால் குறையாமல், நடமாடினால் குறையும் வலி
• பின்னிரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி
• வலியோடு கண் சிவந்து, வெளிச்சம் பட்டால் கூசுவது
• குடும்பத்தில் யாருக்கேனும் இந்நோய் இருப்பது

தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம்; எம்ஆர்ஐ உதவும். வாதநோய் நிபுணரிடம் அனுப்பும்படி கிளினிக் மருத்துவரிடம் கேட்கலாம். நோயை முற்றாகப் போக்க முடியாது. ஆனால் மருந்து, அன்றாட உடற்பயிற்சி, புகைப்பதை நிறுத்துவது ஆகியவற்றால் கட்டுப்படுத்த முடியும். சீக்கிரம் கண்டறிந்தால் முதுகு வளையாமல் காக்கும் வாய்ப்பும் அதிகம்.